கருவிப் பெட்டியும் கருவிக்கு உரியவரும்

1755 ஏப்ரல் 5 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருந்த தாமஸ் சிப்பண்டேலின் பட்டறை தீக்கிரையானது. நாற்காலி, மேசை, அலமாரி வடிவங்களைப் படங்களாகத் தொகுத்து அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டிருந்தார். இங்கிலாந்தின் மாளிகைகளில் அவர் பெயர் பரவத் தொடங்கிய நேரம். தீ விபத்தைப் பற்றிய அன்றைய பத்திரிகைச் செய்தி மிகச் சிறியது. அதற்குள்ளும் ஒரு விவரத்துக்கு இடம் கிடைத்தது: எரிந்த பட்டறைக்குள் 22 தொழிலாளர்களின் பெட்டிகள் இருந்தன. கட்டடமும் மரமும் செய்து முடித்த சாமான்களும் சிப்பண்டேலின் பொறுப்பில் இருந்தவை. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த உளி, இழைப்புளி, ரம்பம், துரப்பணம் எல்லாம் கூலிக்கு வேலை பார்த்தவர்களுக்குச் சொந்தமானவை. முதலாளிக்கு ஏற்பட்டது நட்டம். தொழிலாளிக்கோ மறுநாள் வேலை தேடிப் போவதற்கான தகுதியே எரிந்துபோயிற்று. பழைய கருவிப் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தின் அழகையும் மூட்டுகளின் நேர்த்தியையும் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டி ஏன் அந்த வடிவத்தை எடுத்தது என்று கேட்டால், தச்சுக்கலை மட்டும் பதில் சொல்லாது. கருவி யாருடைய உடைமை, அதை அவர் யாருடைய கூரையின் கீழ் வைத்திருந்தார் என்ற இரண்டும் சேர்ந்துதான் நல்ல பெட்டிக்கான இலக்கணத்தை வகுத்தன.

அன்றைய ஆங்கிலத் தச்சரின் நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1563-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழில் கற்பவர் ஏழு ஆண்டுகள் ஒரு ஆசானிடம் பழக வேண்டும். அந்த விதி 1814 வரை ஏட்டில் இருந்தது. பழகி முடித்து வெளியே வருபவர் பட்டறை பட்டறையாக வேலை தேடிப் போவார். முதலாளி தருவது வேலை மேசையும் மரமும் கூலியும் மட்டுமே. கைக்கருவிகளைத் தொழிலாளிதான் கொண்டுவர வேண்டும். இந்த ஏற்பாட்டின் அரிய சான்று ஒன்று கென்ட் மாவட்டத்தின் ரோச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரான சாத்தமைச் சேர்ந்த ஜோசப் சீட்டன், 1796 டிசம்பரில் தம் மகன் பெஞ்சமினுக்காக லண்டன் கருவி வணிகர் கிறிஸ்டோபர் கேப்ரியலிடம் ஒரு முழுத் தொகுதிக் கருவிகளை வாங்கினார். இழைப்புளிகளில் பல கேப்ரியலே செய்தவை. ரம்பங்கள் ஷெஃபீல்டின் கெனியன் பட்டறையிலிருந்து வந்தவை. மகன் அவற்றுக்குத் தன் கையால் ஒரு பெட்டி செய்தான். கருவிகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பட்டியலும் எழுதி வைத்தான். பெட்டி, கருவிகள், பட்டியல் மூன்றும் ஒன்றாகவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. கருவிகள் தேயாமல் இருப்பதைப் பார்த்தால் அவன் அந்தத் தொழிலில் நெடுங்காலம் உழைத்ததாகத் தெரியவில்லை. நமக்கு அதுவே வாய்ப்பாகிவிட்டது: தொழிலுக்குள் நுழையும் இளைஞனுக்கு என்னென்ன வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் கருதினார்கள் என்பது கலையாமல் அப்படியே கிடைத்திருக்கிறது.

சீட்டன் பெட்டியின் வெளிப்புறம் வர்ணம் பூசிய பைன் மரம். உள்ளே இருக்கும் தட்டுகளின் முகப்பில் மகோகனி. ஆங்கிலத் தச்சர்களின் பெட்டிகளில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. விலை உயர்ந்த மரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பெட்டியின் உடலுக்கு மலிவான பைனை ஏன் எடுத்தார்கள்? சிக்கனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எடை. கருவிகளை அடுக்கிய பெட்டி இரண்டு பேர் தூக்க வேண்டிய சுமை. அதன் பலகைகளும் ஓக் மரமாக இருந்தால் வேலை மாறும்போதெல்லாம் அந்தக் கூடுதல் பாரத்தையும் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். பைன் இலேசானது, நன்றாக உலர்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாது, எளிதாக வேலைக்கு வளையும். அதன் மென்மையை ஈடுகட்ட மேலே பல பூச்சு வர்ணம். அது ஈரத்தையும் தடுத்தது. ஓக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்த மரத்திலிருந்து அசெட்டிக் அமில ஆவி மெல்ல வெளிவருகிறது. மூடிய இடத்தில் அது உலோகத்தை அரிக்கும். உலோகப் பொருள்களை ஓக் பேழைகளில் வைக்க அருங்காட்சியகத்தார் இன்றும் தயங்குவது இதனால்தான். எஃகின் கூர்மையை நம்பி வாழ்கிறவருக்குத் துரு என்பது கூலி இல்லாத உழைப்பு: துருப்பிடித்த உளியைத் தீட்டி மீட்கும் நேரத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

அளவும் கட்டுமானமும் இதே கணக்கில்தான் அமைந்தன. பெட்டியின் நீளம் பெரும்பாலும் மூன்றடியை ஒட்டி இருக்கும்; நீளமான ரம்பமும் பெரிய இழைப்புளியும் படுக்க அவ்வளவு இடம் தேவை. அகலமும் உயரமும் இரண்டடி அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் குனிந்து கையை விட்டு அடிமட்டத்திலிருந்து எடுக்க முடியாது. நான்கு மூலைகளிலும் டவ்டெயில் எனப்படும் புறாவால் மூட்டு. ஒரு பலகையின் முனையில் விசிறி போல விரியும் பற்களை வெட்டி, அடுத்த பலகையில் அதற்கேற்ற பள்ளங்களில் இறக்கி, வஜ்ஜிரம் தடவி இறுக்குவார்கள். பிற்காலத்தில் வஜ்ஜிரம் விட்டுப்போனாலும் பற்களின் வடிவமே பலகைகளை ஒரு திசையில் பிரியவிடாது. நான்கு பக்கப் பலகைகளிலும் மர இழை ஒரே போக்கில் சுற்றி வருவதால் மழைக்காலத்தில் நான்கும் சேர்ந்தே உப்பி, கோடையில் சேர்ந்தே சுருங்கும், மூலை வெடிக்காது. அடிப்பலகைகளில் மட்டும் கணக்கு வேறு. அவற்றை நீளவாக்கில் ஒட்டாமல், முன்பின்னாகக் குறுக்கே அடுக்கி ஆணி அறைந்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே விரிந்து சுருங்க இடம் உண்டு. ஒன்று உளுத்துப்போனால் அதை மட்டும் பெயர்த்துவிட்டு வேறொன்றை அடிக்கலாம். அடியில் இரண்டு தடித்த கட்டைகளை வைத்து முழுப் பெட்டியையும் தரையின் ஈரத்திலிருந்து உயர்த்தினார்கள். அந்தக் கட்டைகள் அழுகுவதற்காகவே வைக்கப்பட்டவை. சுற்றிலும் கீழ்ப்புறத்தில் ஒரு பட்டைச் சட்டம். வண்டியிலும் வாசலிலும் படும் இடி அதன் மேல் விழும். மூடியின் மூன்று ஓரங்களிலும் தொங்கும் இன்னொரு சட்டம், பெட்டியின் விளிம்பைக் கவிந்து தூசியைத் தடுக்கும். எந்த உறுப்பு அடிபடும், எது அழுகும், எதை மாற்ற வேண்டிவரும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த பொருள் இது.

உள்ளே திறந்தால் வேறு உலகம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மூன்று ஆழமற்ற தட்டுகள், பக்கச் சுவர்களில் பதித்த கடின மரச் சட்டங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். மேல்தட்டில் நாள்தோறும் வேண்டிய உளிகளும் அளவுகோல்களும்; அடியில் இழைப்புளிகள் தனித்தனி அறையில்; ரம்பங்களுக்கென்று முன்சுவரை ஒட்டி ஒரு தாங்கி. தட்டுகளை நகர்த்தினால் கீழே உள்ளதை எடுக்கலாம். பல பெட்டிகளில் இந்தத் தட்டுகளின் முகப்பிலும் மூடியின் உட்புறத்திலும் மகோகனி, ரோஸ்வுட் போன்ற மரங்களின் மெல்லிய தகடுகளை ஒட்டி, நட்சத்திரமும் வளையமும் இழைத்திருப்பார்கள். வெளியே கன்னங்கரிய அல்லது பச்சை வர்ணம் பூசிய சாதாரணப் பெட்டி, உள்ளே நகைப்பேழை. இந்த முரண்பாட்டை வெறும் ரசனையாக விளக்க முடியாது. வேற்றார் பட்டறையில், பலர் நடமாடும் இடத்தில் இரவு முழுவதும் நிற்க வேண்டிய பெட்டி திருடனின் கண்ணை இழுக்கக் கூடாது. திறக்கும்போது அதைப் பார்க்கிறவர்கள் சக தொழிலாளிகளும் வேலை கொடுக்கும் மேஸ்திரியும். அவர்களுக்கு அந்த உட்புறமே நற்சான்று.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை அழகானவை, எனவே காப்பாற்றப்பட்டவை. சாதாரணத் தச்சரின் மட்டமான பெட்டி எப்போதோ விறகாகியிருக்கும். மிஞ்சியதை வைத்து முழுத் தொழிலையும் பேசலாமா? இந்த மறுப்புக்கு இரண்டு விபத்துகள் பதில் தருகின்றன. அவற்றில் எதையும் யாரும் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1545 ஜூலை 19 அன்று எட்டாம் ஹென்றி மன்னரின் மேரி ரோஸ் கப்பல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982 அக்டோபரில் அதன் உடல் மேலே கொண்டுவரப்பட்டது. கப்பல் தச்சர்களின் அறையில் அவர்களுடைய பெட்டிகளும் கருவிகளும் அகப்பட்டன. இரும்பு பெருமளவு கரைந்துவிட்டது. மரப்பிடிகளும் இழைப்புளிகளின் உடலும் கொட்டாப்புளிகளும் நின்றன. அரசரின் கப்பலிலும் தச்சர் தம் பெட்டியைப் பக்கத்தில் வைத்தே தூங்கியிருக்கிறார். இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் பின்னே போனால் சுவீடனின் கோட்லாந்து தீவு. 1936-இல் அங்கே மேஸ்டர்மீர் என்ற வறண்ட சதுப்பில் உழுதபோது கலப்பையில் ஓர் ஓக் பெட்டி சிக்கியது. வைக்கிங் காலத்தின் இறுதியைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் ஒரு சாணுக்குச் சற்று மேல். தச்சுக்கும் கொல்லுக்கும் உரிய கருவிகளாகவும் பிற பொருள்களாகவும் 200 அளவில் அதோடு கிடைத்தன; பெட்டியைச் சுற்றி இரும்புச் சங்கிலி. இரண்டு தொழிலும் தெரிந்த ஒருவர், ஊர் ஊராகப் போகும் வழியில், படகிலிருந்தோ வண்டியிலிருந்தோ அதை இழந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான ஊகம். அலங்காரம் ஏதும் இல்லாத அந்தப் பெட்டியிலும் பூட்டு உண்டு. அழகு பிற்காலத்தில் வந்து சேர்ந்திருக்கலாம். பூட்டும், நகர்த்தும் வசதியும், உறுதியான கட்டும் தொடக்கத்திலிருந்தே இருந்தன.

ஓக் மரத்தைப் பற்றி மேலே சொன்னதை மேஸ்டர்மீர் பெட்டி பொய்யாக்குகிறதே என்று கேட்கலாம். அந்தப் பெட்டி அகலத்திலும் உயரத்திலும் ஆங்கிலப் பெட்டியைவிட மிகச் சிறியது. ஒருவரே தோளில் தூக்கலாம். அதனால் கடின மரத்தின் பாரம் தாங்கக்கூடியதாக இருந்தது. மரத்தேர்வு எப்போதும் அளவையும் பயணத்தையும் பொறுத்தது. இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. மூன்றடிப் பெட்டியை எளிதாக நகர்த்த முடியாது. குனிந்து தட்டுகளைத் தள்ளித் தேடுவதும் தொல்லை. சுவரில் மாட்டிய அலமாரியோ ஆணிகளோ வேலைக்கு எவ்வளவோ மேல். பிறகு ஏன் நூற்றாண்டுக்கணக்கில் பெட்டியையே கட்டிக்கொண்டு அழுதார்கள்? வசதியை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. சுவர் முதலாளியுடையது. அதில் மாட்டியதைப் பூட்ட முடியாது. வேலை போனால் அன்றே கழற்றிக்கொண்டு கிளம்பவும் முடியாது. வெளியே கட்டட வேலைக்குப் போகும்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் பையிலோ கூடையிலோ எடுத்துப் போனார்கள்; பெட்டி பட்டறையில் நின்றது. பெட்டி அன்றாடம் சுமப்பதற்காக ஏற்பட்டதல்ல. சொந்த இடம் இல்லாதவருக்கு வேற்றிடத்தில் அது ஒரு சொந்த இடம்.

அப்படியானால் பெட்டியே கலைப்பொருளான நேரங்களை என்ன சொல்வது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பியானோ, ஆர்கன் செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி செய்த பெட்டி உலகப் புகழ் பெற்றது. மகோகனி உடல், கருங்காலியும் ரோஸ்வுட்டும் தந்தமும் சிப்பியும் பதித்த வேலைப்பாடு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்துக்கேற்ற இருப்பிடம். மூடினால் ஒன்பது அங்குல ஆழமே உள்ள பேழைக்குள் ஏறக்குறைய 300 கருவிகள். பெருமிதத்துக்காகச் செய்ததுதானே இது என்றால், ஓரளவு ஆம். ஆனால் இதுவும் வாதத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஸ்டட்லியின் பெட்டி சுவரில் தொங்கியது. ஊர் மாறி அலைவதற்கானது அல்ல. ஓரிடத்தில் நிலைத்த வேலையும் தேர்ந்த கைவினைஞருக்கான மரியாதையும் இருந்தபோது, பெட்டி தன் மதிப்பை மறைக்க வேண்டிய தேவை குறைந்தது. அதோடு, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் என்ற ஏற்பாட்டில் ஒரு கருவி காணாமல் போனால் ஒரே பார்வையில் வெற்றிடம் தெரிந்துவிடும். இருப்புக் கணக்கைப் பெஞ்சமின் சீட்டன் காகிதத்தில் எழுதினார்; ஸ்டட்லி மரத்தில் செதுக்கினார்.

உடைமைதான் மையம் என்பதற்குச் சட்டமும் சங்கமும் சாட்சி சொல்கின்றன. 1845-இல் இங்கிலாந்தில் வந்த கடன் சட்டம், கடன்பட்டவரின் உடை, படுக்கை, தொழில் கருவிகள் ஆகியவற்றை மொத்தம் 5 பவுண்டு மதிப்பு வரை ஜப்தி செய்யக் கூடாது என்றது. பெட்டியைப் பறித்தால் கடனைத் தீர்க்கும் வழியையே பறித்ததாகும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணம் நம் நாட்டுக்கும் வந்தது: இன்றும் நடைமுறையில் உள்ள 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கைவினைஞரின் கருவிகளை ஜப்தியிலிருந்து விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டில் கடனில் சிக்கிய ஒரு தச்சரின் உளிக்கும் அது காவல். தொழிலாளர் தரப்பில், 1860-இல் லண்டனில் தொடங்கிய தச்சர்கள் சங்கம், பின்னாளில் ராபர்ட் ஆப்பிள்கார்த் செயலாளராக இருந்து வளர்த்த அமைப்பு, கருவியை இழந்த உறுப்பினருக்கு ஈடு தருவதைத் தன் முக்கியமான உதவிகளில் ஒன்றாக வைத்திருந்தது. சந்தா கட்டி அந்தச் சங்கத்தில் நிலைக்க இது வலுவான காரணம். 1755-இல் எரிந்த 22 பெட்டிகள் போன்ற இழப்பைத் தனி ஆள் தாங்க முடியாது என்ற அனுபவம், ஒரு நூற்றாண்டு கழித்து விதியாக எழுதப்பட்டது.

அதே 19-ஆம் நூற்றாண்டில்தான் பெட்டியின் வீழ்ச்சியும் தொடங்கியது. நீராவியில் ஓடும் இழைப்பு இயந்திரமும் சட்டம் வெட்டும் இயந்திரமும் தொழிற்சாலைகளுக்குள் வந்தன. கதவும் சன்னலும் இயந்திரத்தில் வெட்டப்பட்டுத் தயாராக வந்தபின், சட்டங்களின் ஓரத்துக்கு ஒவ்வொரு வடிவ இழைப்புளி வைத்திருக்க வேண்டியதில்லை. இயந்திரத்தைத் தொழிலாளி வாங்க முடியாது. வாங்கினாலும் பெட்டிக்குள் வைக்க முடியாது. கருவியின் பெரும்பகுதி முதலாளியின் கைக்குப் போனது, பெட்டி சிறுத்தது. இதை மரவேலையின் தேய்வாகவே விளக்கலாமே என்று கேட்பவருக்கு, அமெரிக்க இரும்புப் பட்டறைகள் எதிர்ச்சான்று தருகின்றன. அங்கே கடைசல் இயந்திரம் நிறுவனத்துடையது. மைக்ரோமீட்டர், மட்டப்பலகை போன்ற நுண்ணிய அளவுக் கருவிகள் தொழிலாளியுடையவை. 1880-இல் தொடங்கிய ஸ்டாரெட் நிறுவனம் அத்தகைய கருவிகளை விற்றுப் பெருகியது. 1906-இல் ஓஹியோவின் டேட்டனில் ஹாரி கெர்ஸ்ட்னர், அவற்றை வைக்க இழுப்பறைகள் நிறைந்த, உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய மரப்பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தச்சரின் பெட்டி மறைந்துகொண்டிருந்த அதே தலைமுறையில் இரும்பு வேலைக்காரரின் மரப்பெட்டி செழித்தது. மரம் எஃகைக் கடுங்குளிரிலும் வியர்வையிலும் உலோகப் பெட்டியைவிட மென்மையாகக் காத்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தேவை எழுந்ததற்குக் காரணம் கருவி மீண்டும் தனி மனிதரின் உடைமையானதுதான்.

இந்த வரலாறு இன்று ஒரு பெட்டி வாங்க நினைப்பவருக்கும், செய்ய நினைப்பவருக்கும் பயனுள்ள அளவுகோல்களைத் தருகிறது. மரத்தின் விலையோ பளபளப்போ முதல் கேள்வி அல்ல. எவ்வளவு நீளமான கருவி உள்ளே படுக்க வேண்டும், இரண்டு பேரால் அதைத் தூக்க முடியுமா, மூலைகள் ஆணியை நம்பியிருக்கின்றனவா மூட்டை நம்பியிருக்கின்றனவா, அடிப்பலகையை மாற்ற முடியுமா, அது தரையைத் தொடுகிறதா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. ஓக் மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் உள்ளே துணி ஒட்டியோ வர்ணம் பூசியோ எஃகோடு நேர்த்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். நம் ஈரக் காற்றுக்குத் தேக்கு நன்றாகவே பொருந்தும். அதன் எண்ணெய்ப்பசை மரத்தை மட்டுமல்ல, அதில் அறைந்த இரும்பாணியையும் காக்கும் என்பது மரக்கலம் கட்டியவர்கள் அனுபவத்தில் அறிந்தது. எடைதான் தேக்கின் குறை. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பெட்டிக்கு அது குறையே அல்ல. அடிக்கடி இடம் மாறுபவருக்கோ இலேசான மரத்தில் நல்ல மூட்டுகளோடு, வெளியே வர்ணம் பூசிய பெட்டி போதும். சீட்டன் செய்த தேர்வு அதுதான். மகோகனியை அவர் உள்ளே வைத்தார். தன் கருவிக்குத் தானே பொறுப்பாளி என்ற நிலையில் இருப்பவருக்குப் பெட்டியின் தரம் என்பது இழப்பின் கணக்கு. எதை இழந்தால் வேலை நின்றுபோகும் என்பதைத் தெரிந்து, அதை எதிலிருந்து காக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திச் செய்த பெட்டிதான் நல்ல பெட்டி. அந்த வரிசை ஈரம், திருட்டு, இடி, எடை என்று போகும். அழகு அதற்குப் பின்னரே வரும்.